அம்மா கையெழுத்து இல்லாத நேரத்தில் ‘பெரிம்மா’வுக்கு என்ன உரிமை?

கேள்வி: வக்கீல் மேடத்துக்கு வணக்கம். நானும் என் இணையும் ராயபுரத்தில் ஆறு வருஷமாக ஒரே வீட்டில் குடும்பமாக வாழ்கிறோம். இருவரும் பெண்கள், இருவரும் இந்துக்கள். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவளுடைய கணவர் காசிமேட்டில் விசைப்படகுத் தொழிலுக்குப் போனவர். மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே உடம்பு முடியாமல் இறந்துவிட்டார். மகளுக்கு இப்போது 8 வயது, என்னைப் ‘பெரிம்மா’ என்று கூப்பிடுகிறாள். அவளுக்குச் செய்வதையெல்லாம் நாங்கள் இருவரும் சேர்ந்துதான் செய்கிறோம். போன மாதம் என் இணை வெளியூர் போயிருந்தபோது குழந்தை மாடிப்படியில் விழுந்து கை எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ‘நீங்க யாரு? அம்மாவை வரச் சொல்லுங்க’ என்று உட்கார வைத்துவிட்டார்கள். வெளிநாட்டில் ‘செகண்ட் பேரன்ட் அடாப்ஷன்’ என்று ஒன்று இருக்கிறதாமே, இங்கே செய்ய முடியுமா? பத்திரம் எழுதுபவர் ஒருவர், ‘அவங்க உங்களுக்குத் தத்துக் கொடுத்த மாதிரி எழுதி ரிஜிஸ்டர் பண்ணிடலாம், ஒரு நாள் வேலைதான்’ என்கிறார். செய்யலாமா? அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாமியார் வீட்டார் குழந்தையைக் கொண்டுபோய்விடுவார்களே என்ற நினைப்பிலேயே தூக்கம் போகிறது.
— பெயர் வேண்டாம், ராயபுரம்

பதில்:

அன்புத் தோழிக்கு,

முதலில் அந்தப் பத்திரம். தயவுசெய்து யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அது போகட்டும், வேலையை நிறுத்திவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

பத்திரம் எழுதுபவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பயமே அதுதான். 1956-ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி கல்யாணமாகாத இந்துப் பெண் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கலாம். தகப்பன் இறந்துவிட்டால் தாய் தனியாகவே தத்துக் கொடுக்கலாம். குழந்தைக்கு 15 வயது நிரம்பியிருக்கக் கூடாது, உங்களுக்கு வேறு மகள் இருக்கக் கூடாது. எல்லாமே உங்களுக்குப் பொருந்துகிறது. அவர் பாதியோடு நிறுத்திவிட்டார். அதே சட்டத்தின் பிரிவு 12, தத்து எடுத்த நாளிலிருந்து பிறந்த குடும்பத்தோடு குழந்தைக்கு இருந்த உறவு முழுவதும் அறுந்துவிடும் என்கிறது. இறந்த தகப்பன் வழியில் ஏற்கெனவே அவள் பெயருக்கு வந்துவிட்ட சொத்து மட்டும் அவளிடமே இருக்கும். கல்யாண விஷயத்தில் விலக்கப்பட்ட உறவுமுறைகளும் அப்படியே தொடரும். தாய் என்கிற உறவு தொடராது. நீங்கள் அம்மா ஆகிறீர்கள், பத்து மாதம் சுமந்தவள் சட்டத்தின் கண்ணில் அந்நியப் பெண் ஆகிவிடுகிறாள்.

பிறகு மனம் மாறினால் ரத்து செய்யலாமா என்றால், முறைப்படி நடந்த தத்தை ரத்து செய்ய முடியாது என்று பிரிவு 15 சொல்கிறது. இன்னும் ஒரு படி யோசித்துப் பாருங்கள். பத்திரம் பதிவான பிறகு உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் குழந்தைக்குச் சட்டப்படியான சொந்தம் உங்கள் அப்பா அம்மாவும் அண்ணன் தம்பியும்தான். பெற்றவள் தன் மகளைக் கேட்டுக் கோர்ட் வாசலில் நிற்க வேண்டிவரும். மாமியார் வீட்டுக்குப் பயந்து எழுதிய பத்திரம் உங்கள் பிறந்த வீட்டுக்குக் குழந்தையைக் கொடுத்துவிடும். ‘சும்மா பேப்பர்தான், வீட்ல எப்பவும்போல இருங்க’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்ட வெளிநாட்டு ஏற்பாட்டின் அழகே, அங்கே பெற்றவளின் உரிமை துளியும் குறையாமல் இரண்டாவது ஆள் பெற்றோராகச் சேர்க்கப்படுவதுதான். அமெரிக்காவில் 1980-களின் நடுவிலிருந்து சில மாநில நீதிமன்றங்கள் இப்படி உத்தரவு கொடுக்கத் தொடங்கின. தன்பால் திருமணம் அங்கே 2015-இல் நாடு முழுவதும் சட்டமான பிறகும், இணையர் இருவருக்கும் பிள்ளை இருந்தால் ‘அடாப்ஷன் ஆர்டரையும் வாங்கி வையுங்கள்’ என்றுதான் அங்குள்ள வக்கீல்கள் சொல்கிறார்கள். அதற்கு ஒரு வழக்கே காரணம் சொல்லும். இரண்டு பெண்கள், மூன்று குழந்தைகள். பெறாத தாய் 2007-இல் ஜார்ஜியா மாநிலக் கோர்ட்டில் தத்து உத்தரவு வாங்கியிருந்தார். பிற்பாடு இருவரும் பிரிந்தார்கள். அவர்கள் குடியிருந்த அலபாமாவின் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. 2016 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. ஒரு மாநிலக் கோர்ட் கொடுத்த உத்தரவை இன்னொரு மாநிலம் மதித்தே ஆகவேண்டும் என்றது. குழந்தைகளை வளர்த்தவரின் உரிமையைக் கடைசிவரை காப்பாற்றியது அந்த ஒரு காகிதம்.

நம் நாட்டில் அந்தக் காகிதத்துக்கு வழி இல்லை. நம் சட்டத்தில் இதற்கு அருகில் வருவது மாற்றாந்தாயோ மாற்றாந்தகப்பனோ செய்கிற தத்து, அதற்குக் கல்யாணம் வேண்டும். கல்யாணக் கதவை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 17-ஆம் தேதி, தன்பால் திருமணத்துக்கு அங்கீகாரம் கேட்ட சுப்ரியோ வழக்கில் சாத்திவிட்டது. திருமணம் செய்துகொள்ளும் அடிப்படை உரிமை யாருக்குமே அரசியல் சாசனத்தில் இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளும் ஒன்றாக நின்றார்கள். சேர்ந்து தத்தெடுக்கும் கேள்வியில் மட்டும் பிரிந்தார்கள். தம்பதியாகத் தத்தெடுக்க இரண்டு ஆண்டு நிலையான மணவாழ்க்கை வேண்டும் என்ற 2022-ஆம் ஆண்டு தத்தெடுப்பு விதி பாகுபாடு காட்டுகிறது என்று அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கௌலும் எழுதினார்கள். மற்ற மூவர் ஒப்பவில்லை, 3-க்கு 2 என்று விதி நின்றுவிட்டது. 2025 ஜனவரியில் மறுசீராய்வு மனுக்களும் தள்ளுபடியாயின. இந்தத் தீர்ப்பில் எனக்கு ஆறாத கோபம் உண்டு. கல்யாணத்தைப் பற்றிப் பெரியவர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடிக்கொள்ளட்டும். வீட்டில் தன்னைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர் இருக்கும்போது, சட்டத்தில் ஒருவர் மட்டும் போதும் என்று ஒரு குழந்தையிடம் சொல்வதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

சுயமரியாதைத் திருமணம் செய்துகொள்ளலாமா என்று உங்களைப் போன்ற பலர் கேட்கிறார்கள். மாலை மாற்றிக்கொள்ள யார் தடுக்க முடியும்? ஆனால் அதைப் பதிவு செய்ய முடியாது, குழந்தை விஷயத்தில் அது உதவாது. இருவரில் ஒருவர் திருநங்கையாகவோ திருநம்பியாகவோ இருந்து, உறவு ஆண் பெண் உறவாக இருந்தால் கதை வேறு. 2019-இல் மதுரைக் கிளை ஓர் ஆணும் திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தை இந்துத் திருமணமாக ஏற்றது. உங்கள் நிலை அதுவல்ல.

‘சரி, கோர்ட்டில் என்னையும் கார்டியனாகப் போடச் சொல்லலாமே’ என்று தோன்றும். தாய் உயிரோடு, தகுதியோடு இருக்கும்போது இன்னொருவரைக் குழந்தையின் உடலுக்கான கார்டியனாக, அதாவது குழந்தையை வைத்து வளர்க்கும் பொறுப்பாளராக, நியமிக்க 1890-ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் பிரிவு 19 இடம் கொடுப்பதில்லை. ஆகவே அவள் இருக்கும்வரை நீங்கள் அவளுடைய அனுமதியில் நிற்கிறீர்கள். அவள் போன பிறகு என்ன என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்து எழுதி வைக்க முடியும். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதானே. அதற்குச் சட்டத்தில் நல்ல, உறுதியான வழி இருக்கிறது. பலருக்கு அது தெரிவதே இல்லை.

இந்து மைனர் மற்றும் கார்டியன்ஷிப் சட்டம் 1956, பிரிவு 9. கணவனை இழந்த இந்துத் தாய் தன் மைனர் குழந்தைக்கு உயில் மூலம் கார்டியனை நியமிக்கலாம். சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் எங்குமே இல்லை. உங்கள் இணை உங்கள் பெயரை எழுதலாம். அவள் இறந்த அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் குழந்தையின் கார்டியன். உயிலால் கார்டியன் நியமிக்கப்பட்டிருந்தால், அவருடைய அதிகாரம் முடியும்வரை அவர் இடத்தில் வேறொருவரைக் கோர்ட் நியமிக்க முடியாது என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 7 சொல்கிறது. தாத்தா பாட்டி வழக்குப் போட்டால், உங்களை நீக்கக் காரணம் இருக்கிறது என்று அவர்கள்தான் முதலில் நிரூபிக்க வேண்டும். உயில் இல்லாவிட்டால் அவர்கள் இரத்த உறவு, நீங்கள் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி. உயில் இருந்தால் நிலைமை தலைகீழ்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். அவள் கையெழுத்துப் போட, இரண்டு பேர் அதைப் பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் உங்கள் விஷயத்தில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். ‘இது பிறகு எழுதினது’ என்று யாரும் சொல்ல முடியாது. நீங்கள் சாட்சியாக நிற்காதீர்கள். உங்களைவிட வயதில் மூத்தவர்களையும் சாட்சியாகப் போடாதீர்கள். பத்து வருஷம் கழித்துக் கூப்பிட்டாலும் வந்து சொல்லக்கூடியவர்கள் வேண்டும். குழந்தையின் டீச்சர் ஒருவர் சம்மதித்தால் ரொம்ப நல்லது. குழந்தையின் உடலுக்கும் சொத்துக்கும் இரண்டுக்கும் நீங்கள் கார்டியன் என்று தெளிவாக எழுத வேண்டும். உங்களால் முடியாமல் போனால் அடுத்தது யார் என்றும் ஒரு பெயர் வேண்டும். ஏன் உங்களைத் தேர்ந்தெடுத்தாள் என்பதை அவள் தன் வார்த்தையிலேயே நாலு வரி எழுதட்டும்: எத்தனை வருஷமாக ஒரே வீடு, யார் பள்ளிக்குக் கூட்டிப்போவது, காய்ச்சல் வந்தால் குழந்தை யாரைத் தேடும் என்று. இறந்த தாயின் விருப்பத்தையும், விவரம் தெரிந்த வயதென்றால் குழந்தையின் விருப்பத்தையும் கோர்ட் கேட்டுப் பார்க்கும். அந்த நாலு வரி அப்போது அவளுக்காகப் பேசும்.

இன்னொரு வரியும் சேர்க்கச் சொல்கிறேன், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும். தாத்தா பாட்டி பேத்தியைப் பார்க்கவும் பண்டிகைக்குக் கூட்டிப்போகவும் தடையில்லை என்று எழுதுங்கள். மகனை இழந்தவர்கள் அவர்கள். ‘குழந்தையை எங்ககிட்டேருந்து மறைக்கிறாங்க’ என்பதுதான் இப்படிப்பட்ட வழக்குகளில் முதல் குற்றச்சாட்டாக வரும். அது அடிபட்டுப்போகும். இப்போதே மாதம் ஒருமுறையாவது காசிமேட்டுக்குக் கூட்டிப்போய் வருகிறீர்களா? இல்லையென்றால் ஆரம்பியுங்கள். தகப்பன் வழிச் சொத்தில் குழந்தைக்குப் பங்கு இருந்தால் அதை எந்தக் கார்டியனும் கோர்ட் அனுமதி இல்லாமல் விற்க முடியாது என்பதையும் அவர்கள் காதில் போட்டு வையுங்கள். பல வீடுகளில் குழந்தையைக் கேட்டு வரும் சண்டைக்கு அடியில் வீட்டுப் பங்குதான் இருக்கும்.

அவள் உயிரோடு இருக்கும்போது அவர்களால் குழந்தையைக் கொண்டுபோக முடியாது. தகப்பனுக்குப் பிறகு தாயே இயற்கைக் கார்டியன். உங்கள் உறவைக் காட்டி ‘இது நல்ல வீடு இல்லை’ என்று சொல்லிப் பார்க்கலாம். 2018 செப்டம்பரிலிருந்து உங்கள் உறவு குற்றமில்லை. போலீஸில் யாராவது புகார் கொடுத்து உங்களை அலைக்கழிக்க நினைத்தால், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7-இல் கொடுத்த உத்தரவு உங்கள் பக்கம். தன்பால் இணையரைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு காவலர் நடத்தை விதியிலேயே பிறகு சேர்த்துவிட்டார்கள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வு, குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழி இல்லை, தாமாகத் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று எழுதியிருக்கிறது. குழந்தை வழக்கில் கோர்ட் கடைசியில் பார்ப்பது குழந்தையின் நலனை. எல்லா நீதிபதியும் ஒரே மனசோடு இருப்பார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன். அதனால் ஃபீஸ் ரசீது, தடுப்பூசி அட்டை, பள்ளியில் உங்கள் நம்பர் எழுதின ஐடி கார்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

இனி ஆஸ்பத்திரி. உங்கள் இணை ஓர் அங்கீகாரக் கடிதம் எழுதி நோட்டரியிடம் கையொப்பம் வாங்கி உங்களிடம் கொடுக்கட்டும். தான் இல்லாத நேரத்தில் குழந்தை உங்கள் பொறுப்பில் இருக்கிறாள், சிகிச்சைக்குச் சம்மதம் தரவும் பள்ளியிலிருந்து அழைத்துவரவும் உங்களுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறேன் என்று இருந்தால் போதும். இது வெறும் சமாதானக் கடிதம் இல்லை. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு, கார்டியனோ சட்டப்படி பொறுப்பில் வைத்திருப்பவரோ கொடுத்த சம்மதத்தின்பேரில் நல்லெண்ணத்தோடு செய்யும் காரியம் குற்றமாகாது என்கிறது நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 27. அந்த ‘பொறுப்பில் வைத்திருப்பவர்’ நீங்கள்தான் என்பதற்கு அந்தக் கடிதம் சாட்சி. டாக்டருக்கும் தைரியம் வரும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் யார் கையெழுத்துக்கும் காத்திருக்கக் கூடாது. சம்மதம் வாங்க வழியில்லாத அவசரத்தில் சிகிச்சை செய்யும் டாக்டருக்குப் பிரிவு 30 பாதுகாப்புத் தருகிறது. கடிதத்தின் ஒரு பிரதி பள்ளியில், ஒன்று உங்கள் போனில்.

உங்கள் பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, நான் கேட்கிறேன். உங்களுக்கு ஒன்று ஆனால் நீங்கள் சேர்த்தது குழந்தைக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டிருந்தால், போகாது. உயில் இல்லாவிட்டால் கல்யாணமாகாத இந்துப் பெண்ணின் சொத்து அப்பா அம்மாவுக்கு, அவர்கள் இல்லையென்றால் அப்பாவின் வாரிசுகளுக்கு. அதனால் நீங்களும் தனியாக ஓர் உயில் எழுதுங்கள். பேங்க் கணக்கில் உங்கள் இணையை நாமினியாகப் போடலாம், ஜாயின்ட் அக்கவுன்டும் தொடங்கலாம், அதற்குத் தடையில்லை என்று 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகமே தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர் மட்டுமே. இன்ஷூரன்ஸிலும் அப்பா, அம்மா, கணவன், பிள்ளை தவிர வேறு நாமினிக்கு அதே கதைதான். உயில்தான் பேசும். பி.எஃப். மட்டும் சிக்கல். உங்கள் அப்பா அம்மா உங்களை நம்பி இருந்தால் அவர்கள்தான் ‘குடும்பம்’, வெளியாளைப் போட்ட நாமினேஷன் செல்லாது. அந்த அளவைக் கணக்கில் வைத்துக் குழந்தைக்கு வேறு வழியில் சேமியுங்கள்.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசில்லை. உயிலை அவள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நாளை நீங்கள் இருவரும் பிரிந்தால் குழந்தையைப் பார்க்கக் கேட்க உங்களுக்குச் சட்டத்தில் பிடி ஏதும் இல்லை. அந்த அலபாமாப் பெண்ணுக்குக் கிடைத்த காகிதம் இங்கே உங்களுக்குக் கிடைக்காததன் முழு வலியும் அந்த நாளில்தான் தெரியும். 2023-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இணையருக்குக் ‘குடும்ப உறவுப் பத்திரம்’ ஒன்றை அரசு அங்கீகரிக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தார். அது சட்டமாகி வரும் என்று வைத்து எதையும் திட்டமிடாதீர்கள். பிரிந்தாலும் குழந்தையைப் பார்க்கும் உரிமை எப்படி என்று இருவரும் இப்போதே, நல்லா இருக்கும்போதே, உட்கார்ந்து எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். கோர்ட் அதை அமல்படுத்தித் தராமல் போகலாம். ஆனால் கோபத்தில் இருக்கும் ஒருத்திக்குத் தன் கையெழுத்தைப் பார்க்கும்போது கொஞ்சம் யோசனை வரும்.

குழந்தைக்கு 18 நிரம்பும்வரைதான் இந்தக் கவலை. அதன் பிறகு யாரோடு இருப்பது, யாரை அம்மா என்பது, யாரை நாமினியாகப் போடுவது எல்லாம் அவள் விருப்பம். பத்து வருஷத்தைக் கடத்த வேண்டும், அவ்வளவுதான்.

வக்கீல் செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டம் அதைச் சொல்கிறது. சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் ஹைகோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது, ராயபுரத்திலிருந்து பீச் ஸ்டேஷனில் இறங்கி நடந்து போகலாம். போகும்போது உங்கள் இணை தன் கணவரின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், இருவருடைய ஆதார் ஆகியவற்றின் அசலையும் நகலையும் எடுத்துவரட்டும். வாரிசுச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் தாசில்தார் அலுவலகத்தில் முதலில் அதற்கு விண்ணப்பம் போடுங்கள். உயிலுக்கு அதற்காகக் காத்திருக்க வேண்டாம், அதை இந்த வாரமே எழுதலாம்.